பைபாஸ் புரதம் பிறந்த கதை

கறவை மாடு வைத்திருப்பவர்களுக்குப் பைபாஸ் புரதம் தெரியாத சரக்கு அல்ல. தீவன மூட்டையில் அச்சாகியிருக்கும். கால்நடை மருத்துவர் வாயிலும் அடிபடும். பால் கூட வேண்டுமானால் இதைக் கொஞ்சம் சேருங்கள் என்பார்கள். பால்காரர்களுக்காகவே யாரோ கண்டுபிடித்தது என்றுதான் தோன்றும். உண்மையில் இது செம்மறியாட்டின் முதுகில் வளரும் உரோமத்தைக் கூட்டுவதற்காகப் பிறந்தது. அந்த வேலை சோறு போடாததால் பால் பண்ணைக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டது.

கதை நடந்த இடம் ஆஸ்திரேலியா. 1797-இல் ஆப்பிரிக்காவின் தென்முனையிலிருந்து கப்பலேறி வந்த ஒரு சின்ன மெரினோ மந்தை அங்கே பல்கிப் பெருகியது. அடுத்த நூறாண்டுகளில் அந்த நாட்டின் ஏற்றுமதியே ஆட்டின் முதுகில் நின்றது. கொரியப் போர் நடந்த 1950-51-இல் கம்பளி விலை உச்சத்துக்கு ஏறி, ஒரு பவுண்டு எடைக் கம்பளி ஒரு பவுண்டு பணத்துக்கு விற்றது. அப்படிப்பட்ட நாட்டில், ஆடு தின்பதில் எவ்வளவு கம்பளியாக மாறுகிறது என்பது அறிவியல் கேள்வி மட்டுமல்ல, கஜானாவின் கேள்வியும்கூட.

கம்பளி கிட்டத்தட்ட முழுக்கப் புரதம்தான். கெராட்டின் என்று பெயர். நம் தலைமுடி, நகம், மாட்டின் கொம்பு எல்லாம் அந்த வகைதான். முடி கருகினால் மூக்கைத் துளைக்கும் நாற்றம் வருகிறதே, அது கந்தகத்தின் வேலை. கெராட்டினில் கந்தகம் சிஸ்டைன் என்ற அமினோ அமிலமாக இருக்கிறது. சிஸ்டைனை முதலில் கண்டவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹைட் வொலஸ்டன். 1810-இல் ஒரு சிறுநீர்ப்பைக் கல்லில் அவருக்கு அது கிடைத்தது. அது உடம்புப் புரதங்களிலும் இருக்கிறது என்பது 1899-இல் மாட்டுக் கொம்பிலிருந்து அதைப் பிரித்தெடுத்த பிறகுதான் உறுதியானது. புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கம்பளிக்கு வலுவும் சுருளும் தருவது இந்தக் கந்தகப் பிணைப்புதான்.

தசைப் புரதத்தில் சிஸ்டைன் நூற்றுக்கு ஒன்று சொச்சம். கம்பளியிலோ பத்துக்கும் மேல். அதனால் உடம்பு வளர்வதற்கு வேண்டிய புரதமும் உரோமம் வளர்வதற்கு வேண்டிய புரதமும் ஒரே தினுசு அல்ல. ஓர் ஆடு ஆண்டுக்கு 3 கிலோ சுத்தமான கம்பளி தருகிறது என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 8 கிராம் வரும். அதில் சிஸ்டைன் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. சின்னக் கணக்காகத் தோன்றும். ஆனால் காய்ந்த புல்லில் அந்த ஒரு கிராமைத் தேடிப் பிடிப்பது ஆட்டுக்குப் பெரும்பாடு.

இன்னொரு விசித்திரமும் உண்டு. தீவனம் குறைந்து ஆடு இளைக்கும்போதும் உரோமம் வளர்வது நின்றுவிடாது. உடம்பைக் கரைத்தாவது தோல் அதை வளர்த்துக்கொண்டிருக்கும். ஆனால் அப்போது வளரும் இழை மெலிந்துபோகும். மழை பெய்து புல் தளிர்த்ததும் மறுபடி தடிக்கும். ஒரே இழையின் நடுவில் பஞ்ச காலத்தின் அடையாளமாக ஒரு மெலிந்த இடம் நின்றுவிடும். ஆலையில் சீவும்போது இழை சரியாக அங்கேதான் அறும். கம்பளி வியாபாரி கையில் ஒரு கற்றையை இழுத்துப் பார்த்தே விலையைக் குறைத்துவிடுவார்.

இந்தப் பிரச்சினையைக் கையிலெடுத்தவர்கள் அடிலெய்டில் இருந்த பிரெய்ல்ஸ்ஃபோர்ட் ராபர்ட்சனும் ஹெட்லி மார்ஸ்டனும். ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி மன்றம் 1926-இல் தொடங்கியது. அதன் கால்நடை ஊட்டப் பிரிவுக்கு ராபர்ட்சன் தலைவர். 1930-இல் அவர் இறந்தார். பின்னாளில் பொறுப்பு மார்ஸ்டனிடம் வந்தது. அவர்கள் போட்ட கணக்கு நேரானது. கம்பளிக்குச் சிஸ்டைன் வேண்டும், புல்லில் அது குறைவு, ஆகவே சிஸ்டைனைக் கொடுத்தால் கம்பளி கூட வேண்டும். ஆனால் வாய் வழியாகக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் ஒரே பதிலைத் தரவில்லை. ஓரிடத்தில் பலன் தெரிந்தது, இன்னோரிடத்தில் ஒன்றுமே இல்லை. நல்ல புரதத்தை அள்ளிக் கொட்டினாலும் கம்பளி அதற்கேற்பக் கூடவில்லை.

கணக்கில் பிழை இல்லை. ஆடு தின்பதெல்லாம் ஆட்டுக்கே போய்ச் சேருகிறது என்று நினைத்ததுதான் பிழை. அசைபோடும் விலங்குகளுக்கு ரூமன் என்கிற முதல் வயிறு ஒரு பெரிய ஊறல் தொட்டி. உள்ளே கோடானுகோடி நுண்ணுயிர்கள். ஆடு விழுங்கும் தீவனத்துக்கு முதல் பந்தி அவற்றுக்குத்தான். நாம் செரிக்க முடியாத வைக்கோலையும் புல்லையும் அவைதான் உடைத்துத் தருகின்றன. ஆனால் புரதம் வந்தாலும் விடுவதில்லை. அதை அமினோ அமிலங்களாக உடைத்து, அவற்றையும் பிய்த்து அம்மோனியாவாக்கிவிடுகின்றன. கொஞ்சம் அம்மோனியாவைக் கொண்டு தம் உடம்பை வளர்த்துக்கொள்கின்றன. அவை பிறகு குடலுக்குப் போய்ச் செரிமானமாகி ஆட்டுக்குப் புரதமாகின்றன. மிஞ்சிய அம்மோனியா ரத்தத்தில் ஏறி, ஈரலில் யூரியாவாக மாறி, பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடுகிறது.

இந்தக் கசிவை ரத்தத்திலேயே காட்டியவர் ஐ. டபிள்யூ. மெக்டொனால்ட். ரூமனிலிருந்து திரும்பும் ரத்தத்தில் அம்மோனியா ஏறியிருப்பதை அவர் 1948-இல் வெளியிட்டார். அதன் பிறகு புரதம் வீணாகிறது என்பது ஊகமாக இல்லாமல் அளந்து பார்க்கக்கூடிய விஷயமானது. விலையுயர்ந்த புரதத்தைக் கொடுத்தவர் சிறுநீரில் போகும் யூரியாவுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்துக்கொண்டிருந்தார்.

இதே வயிறு மார்ஸ்டனுக்கு வேறொரு பாடத்தையும் நடத்தியிருந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் கடலோரப் புல்வெளிகளில் ஆடுகள் மேய்ந்தபடியே மெலிந்து செத்தன. கோபால்ட் பற்றாக்குறைதான் காரணம் என்று 1930-களின் நடுவில் தெரிந்தது. அந்தக் கோபால்ட்டை ஊசி போட்டால் பலன் இல்லை, வாய் வழியாகத்தான் போக வேண்டும். ரூமன் நுண்ணுயிர்கள்தான் அதைக்கொண்டு வைட்டமின் பி12 செய்து ஆட்டுக்குக் கொடுக்கின்றன. 1958-இல் மார்ஸ்டனின் குழு, ஆடு ஒருமுறை விழுங்கினால் வயிற்றிலேயே தங்கிக் கோபால்ட்டைச் சிறிது சிறிதாக விடும் கனமான குளிகையை அறிமுகம் செய்தது. கோபால்ட் ரூமனில் தங்கினால்தான் பயன். கம்பளிக்கான அமினோ அமிலத்துக்கு ரூமனில் தங்குவதே கேடு. ஒரே வயிற்றுக்கு இரண்டு நேரெதிர் நியாயங்கள்.

அப்படியானால் ரூமனைத் தாண்டிப் புரதத்தை அனுப்பினால் என்ன? இதைச் சோதித்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் சிஞ்ச். கம்பளியோடு அவருக்கு ஏற்கெனவே உறவு உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கம்பளித் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தில் ஆர்ச்சர் மார்ட்டினோடு சேர்ந்து, கம்பளியின் அமினோ அமிலங்களைப் பிரித்து அளக்க வழி தேடியபோதுதான் 1941-இல் பங்கீட்டு குரோமட்டோகிராஃபி பிறந்தது. அதற்காக இருவருக்கும் 1952-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சிஞ்ச் அதற்கு முன்பே ஸ்காட்லாந்தில் அபர்டீன் அருகே இருந்த ரௌவட் நிறுவனத்துக்குப் போனார். அங்கே சால்மர்ஸ், கத்பர்ட்சன் ஆகியோருடன் சேர்ந்து பாலின் கேசின் புரதத்தை ஆடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ரூமனில் போட்ட கேசின் அம்மோனியாவாகக் கரைந்தது. நேரே சிறுகுடலுக்கு அனுப்பிய கேசின் ஆட்டுக்கு நன்றாகப் பயன்பட்டது. சூடுபடுத்திய கேசின் ரூமனில் மெதுவாகவே உடைந்தது. 1954-இல் வந்த இந்த ஆய்வில் பைபாஸ் புரதத்தின் கருத்து முழுமையாக இருக்கிறது. ஆனால் கம்பளியை அவர்கள் அளக்கவில்லை.

அளந்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். சிட்னிக்கு மேற்கே ப்ராஸ்பெக்ட் என்ற இடத்தில் அரசின் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அங்கே பி. ஜே. ரெய்ஸ், பி. ஜி. ஷின்கெல் என்ற இருவர் ரூமனுக்கு அப்பால் இருக்கும் செம்மறிகளின் நான்காம் வயிற்றுக்கு நேரடியாக ஒரு குழாய் வைத்தார்கள். ஆட்டின் விலாவில் ஒரு சிறு சதுரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குள் வளரும் உரோமத்தைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் கத்தரித்து எடை போட்டார்கள். தீவனம் அதேதான். குழாய் வழியாக மட்டும் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள், நாளுக்கு 2 கிராம் அளவில் போயின. சில ஆடுகளுக்குக் கேசின் போனது.

1963-இல் வெளியான முடிவு கம்பளி உலகத்தை நிமிர்ந்து உட்கார வைத்தது. கம்பளி வளர்ச்சி சில ஆடுகளில் மூன்றில் ஒரு பங்கு கூடியது. சிலவற்றில் இரு மடங்கையும் தாண்டியது. கம்பளியில் இருந்த கந்தகத்தின் அளவும் ஏறியது. நல்ல தீவனம் தின்ற ஆடுகளின் தோலும் அதுவரை அரைப் பட்டினியில்தான் இருந்திருக்கிறது. உரோமக் குழிகளில் வேலை செய்ய வலு இருந்தது, கைக்குச் சரக்குதான் வந்து சேரவில்லை.

அடுத்தடுத்த சோதனைகள் இதற்கு நுணுக்கம் சேர்த்தன. புரதம் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. கந்தக அமினோ அமிலம் ஏறக்குறைய இல்லாத ஜெலட்டின் கேசினின் வேலையைச் செய்யவில்லை. மக்காச்சோளத்தின் ஸீன் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் மிகக் குறைவு. அதைக் குழாய் வழியே கொடுத்தபோது வளர்ந்த கம்பளி வலுவிழந்தது. கந்தகம் உள்ள இன்னொரு அமினோ அமிலமான மெத்தியோனினை அளவு மீறிக் கொடுத்தாலும் கம்பளி வளர்ச்சி குறைந்தது. அமுதமும் நஞ்சாகும் அளவு இங்கே சில கிராம்தான்.

சரி, விடை கிடைத்தது. ஆனால் பல கோடி ஆடுகளின் வயிற்றில் குழாய் வைக்க முடியுமா? வாயில் போட வேண்டும், ரூமனில் கரையக் கூடாது, நான்காம் வயிற்றில் கரைய வேண்டும். அப்படி ஒரு புரதம் வேண்டியிருந்தது. இதற்கான திறவுகோல் ஒரு வேதியியல் வேறுபாட்டில் இருந்தது. ரூமன் ஏறக்குறைய நடுநிலையான ஊடகம். நான்காம் வயிறோ நம் இரைப்பையைப் போலக் கடும் அமிலம். நடுநிலையில் கட்டிக்கொண்டு அமிலத்தில் அவிழும் ஒரு முடிச்சைப் போட்டால் போதும்.

கே. ஏ. ஃபெர்குசன், ஜே. ஏ. ஹெம்ஸ்லி, ரெய்ஸ் மூவரும் அந்த முடிச்சுக்கு எடுத்துக்கொண்டது ஃபார்மால்டிஹைடு. கல்லூரி ஆய்வகங்களில் தவளையையும் பாம்பையும் ஊறப்போட்டு வைக்கும் ஃபார்மலின் இதன் கரைசல்தான். புரத இழைகளுக்கு இடையே பாலம் கட்டிக் கெட்டிப்படுத்துவது அதன் குணம். அளவாகக் கலந்தால் நுண்ணுயிர்களின் நொதிகளுக்குப் புரதம் பிடி கொடுக்காது. அமில வயிற்றை அடைந்ததும் பாலங்கள் அவிழும், புரதம் செரிக்கும். கூடுதலாகக் கலந்துவிட்டால் குடலாலும் செரிக்க முடியாமல் சாணத்தோடு வெளியேறும். இப்படிப் பதப்படுத்திய கேசினைச் சாதாரணத் தீவனம்போல் தொட்டியில் வைத்தார்கள். ஆடுகள் தின்றன. குழாய் இல்லாமலே கம்பளி வளர்ச்சி கணிசமாகக் கூடியது. 1967-இல் இது அச்சேறியது. பைபாஸ் புரதத்தின் பிறந்த நாள் எது என்று கேட்டால் அந்த ஆண்டைத்தான் சொல்ல வேண்டும்.

கேசினும் ஃபார்மால்டிஹைடும் கம்பளிக்காகச் சேர்ந்தது அது முதல் தடவை அல்ல. 1935-இல் இத்தாலியின் அன்டோனியோ ஃபெரெட்டி பால் கேசினை இழையாகப் பிழிந்து, ஃபார்மால்டிஹைடில் கெட்டிப்படுத்திச் செயற்கைக் கம்பளி செய்தார். லானிடால் என்று பெயர். எத்தியோப்பியா மீது படையெடுத்ததால் பொருளாதாரத் தடைக்கு ஆளான முசோலினியின் இத்தாலி அதைத் தேசத் துணியாகவே கொண்டாடியது. ஆனால் நனைந்தால் அது வலுவிழந்தது. கேசினில் சிஸ்டைன் மிகக் குறைவு, கந்தகப் பிணைப்புக்கு வழியே இல்லை. ஆலை அந்தக் குறையை ஃபார்மால்டிஹைடால் ஈடுகட்டப் பார்த்தது. ஆட்டின் உடம்பு வேறு வழி வைத்திருக்கிறது. கேசினில் தாராளமாக இருக்கும் மெத்தியோனினை எடுத்துச் சிஸ்டைனாக மாற்றிக்கொள்கிறது. அதே இரண்டு பொருள்களை வைத்துக்கொண்டு ஆலையால் செய்ய முடியாத கம்பளியை முப்பது ஆண்டு கழித்து ஆடு செய்து காட்டியது.

இவ்வளவு வெற்றிக்குப் பிறகு ஆஸ்திரேலிய ஆட்டுப் பண்ணைகள் எல்லாம் பைபாஸ் கேசின் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. கேசின் பாலிலிருந்து வருவது, மனிதர் உண்ணும் தரம், விலையும் அதற்கேற்ப. மெரினோ ஆடுகளோ பரந்த வெளியில் மேய்ச்சலை நம்பி வாழ்பவை. நாள்தோறும் தொட்டியில் தீவனம் வைப்பது அங்கே வழக்கமே அல்ல. அதற்குள் நைலானும் பாலியெஸ்டரும் துணிக்கடைகளில் கம்பளியின் இடத்தை அரிக்கத் தொடங்கியிருந்தன. கூடுதலாகக் கிடைக்கும் கம்பளியின் விலை, கொடுத்த புரதத்தின் விலையை எட்டவில்லை.

புரதத்தைச் செடியிலேயே வைத்து அனுப்பும் முயற்சியும் நடந்தது. சூரியகாந்தி விதையில் கந்தகம் நிறைந்த ஒரு புரதம் உண்டு. அது ரூமனில் சுலபமாக உடையாது. அதற்கான மரபணுவை ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் லூபின் என்ற பயறு வகைச் செடிக்கு மாற்றி, 1997-இல் அறிவித்தார்கள். அந்த லூபினைத் தின்ற மெரினோக்களுக்குச் சாதாரண லூபின் தின்றவற்றைவிடக் கம்பளி 8 சதவீதமும் எடை ஏற்றம் 7 சதவீதமும் கூடுதலாக இருந்தன. உடம்பு, உரோமம் இரண்டுமே ஒரு விதையின் புரதத்துக்குப் பதில் சொன்ன அழகான சோதனை அது. ஆனால் அந்தப் பயிரும் வணிகத்துக்கு வரவில்லை.

பிழைப்பு கிடைத்தது மாட்டுத் தொழுவத்தில்தான். நிறையப் பால் கொடுக்கும் பசுவும் ஆட்டின் தோலைப் போன்ற இக்கட்டில்தான் இருக்கிறது. மடிக்குத் தேவையான அமினோ அமிலம் முழுவதையும் ரூமன் நுண்ணுயிர்களால் தர முடிவதில்லை. ஆஸ்திரேலியாவிலேயே ட்ரெவர் ஸ்காட்டின் குழு, எண்ணெய்த் துளிகளைக் கேசினால் போர்த்தி ஃபார்மால்டிஹைடால் பதப்படுத்தி மாடுகளுக்குக் கொடுத்தது. பாலின் கொழுப்பையே இப்படி மாற்ற முடியும் என்று 1970-இல் காட்டியது. விலை மலிந்த பிண்ணாக்குகளுக்கும் இதே முறை செல்லும் என்பது தெளிவானதும் கணக்கே மாறிப்போனது.

இந்தியாவில் இதை எடுத்து நடத்தியது குஜராத்தின் ஆனந்தில் உள்ள தேசியப் பால்வள வாரியம். நம் ஊர்ப் பிண்ணாக்குகளை ஃபார்மால்டிஹைடால் பதப்படுத்திக் கறவை மாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ஸ்காட்டும் பங்கெடுத்தார். 100 கிராம் புரதத்துக்கு ஏறத்தாழ ஒரு கிராம் ஃபார்மால்டிஹைடு போதும். ஆனால் அது மூடிய இயந்திரத்தில் செய்ய வேண்டிய வேலை. அந்த ஆவி கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும். வீட்டில் வாளியில் கலந்து பார்க்கிற சமாச்சாரம் அல்ல.

நம் பிண்ணாக்குகளுக்குள்ளேயே இந்த வேறுபாடு இயற்கையாக அமைந்திருக்கிறது. கடலைப் பிண்ணாக்கில் புரதம் நிறைய உண்டு, ஆனால் ரூமனில் அது வேகமாகக் கரைந்துவிடும். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் தேங்காய்ப் பிண்ணாக்கும் அவ்வளவு சீக்கிரம் பிடி கொடுப்பதில்லை. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிக் கறவைக்கு வைக்கும் பழக்கம் கொங்கு நாட்டிலும் கரிசல் பூமியிலும் நெடுங்காலமாக உண்டு. அதன் கொழுப்பும் பாலுக்கு உதவியிருக்கும். ஆனாலும் நான்காம் வயிற்றுக்குக் கொஞ்சம் புரதத்தைத் தப்பவிட்ட பங்கும் அதில் உண்டு.

ஆனால் ரூமனைத் தாண்டுவது எல்லா விலங்குக்கும் எப்போதும் நல்லது என்று எடுத்துக்கொண்டால் தவறு. வைக்கோலை மட்டும் தின்று கிடக்கும் மாட்டின் ரூமனில் நுண்ணுயிர்களே பட்டினி. அவற்றுக்கு முதலில் அம்மோனியா வேண்டும், இல்லையேல் வைக்கோலே செரிக்காது. யூரியாவும் வெல்லப்பாகும் சேர்த்துச் செய்த நக்குக் கட்டிகள் அதற்காகத்தான் வந்தன. முதல் பந்தியைப் பசியோடு எழுப்பிவிட்டு அடுத்த பந்திக்குப் பரிமாற முடியாது. இளம் விலங்குகளில் நேரமும் முக்கியம். செம்மறிக் குட்டியின் நுண்ணிய உரோமக் குழிகள் பெரும்பாலும் தாயின் வயிற்றிலும் பிறந்த சில வாரங்களிலும் முதிர்கின்றன. அந்தக் காலத்தில் தாயும் குட்டியும் பட்டினி கிடந்தால், பிறகு எவ்வளவு ஊட்டினாலும் பெரிய ஆட்டின் கம்பளியில் அந்தக் குறை தெரியும் என்று ஷின்கெலும் ஷார்ட் என்ற ஆய்வாளரும் 1961-இலேயே காட்டியிருந்தார்கள்.

இந்த ஆராய்ச்சி விட்டுச்சென்ற பெரிய சொத்து ஒரு தீவனம்கூட அல்ல, ஒரு கணக்கு முறை. அதுவரை ஊட்ட அட்டவணைகளில் புரதம் ஒரே எண்ணாக இருந்தது. 1980-இல் பிரிட்டிஷ் வேளாண் ஆராய்ச்சி மன்றம் வெளியிட்ட அட்டவணை அதை ரூமனில் கரையும் புரதம், கரையாத புரதம் என்று இரண்டாகப் பிரித்தது. முதலாவது நுண்ணுயிர்களுக்கு, இரண்டாவது விலங்குக்கு. இன்று ஒரு பண்ணையாளர் தம் மாட்டுக்கோ ஆட்டுக்கோ புரதம் போதுமா என்று கேட்டால் ஊட்ட நிபுணர் இரண்டு பதில்கள் சொல்லியாக வேண்டும். காய்ந்த தாளைத் தின்று எலும்பு தெரியும் மாட்டுக்கு முதல் எண்ணில் குறை இருக்கும். பாலைக் கொட்டும் கலப்பினப் பசுவுக்கு இரண்டாவதில். எதில் குறை என்று பாராமல் விலை கூடிய புரதத்தை வாங்கிப் போடுபவரின் பணம் இன்றைக்கும் யூரியாவாகத்தான் போகும்.